நெஞ்சு வருத்தம்

"ரொம்ப வருத்தமா இருக்குங்க ஐயா" எண்டு இப்பச் சொன்னீங்களே தம்பி, அந்தச் சொல்லை மட்டும் என்னட்டை இன்னொருக்காச் சொல்லாதேங்கோ. கோவிக்க வேண்டாம். நீங்கள் நல்ல மனசோடதான் சொன்னனீங்கள், எனக்கு விளங்குது. இந்த பஸ்ஸின்ர ரிக்கெற் மிசினிலை என்ர ரிக்கெற் காட்டை வைச்சுச் சத்தம் வரப்பண்ணினதே பெரிய உதவி. இரவல் கோட்டோட ஒரு கிழவன் முழுசிக்கொண்டு நிக்கிறானே எண்டு பக்கத்திலை இருத்தி, எங்கை போயிட்டு வாறியள் எண்டு கேட்டியள். மரண விசாரணைக்கு எண்டன். ஆரின்ர மரணம் எண்டியள். முகாமிலை என்ர பக்கத்துக் கட்டிலிலை படுத்த பெடியன், தவபாலன் எண்டன். உடன உங்களுக்கு வருத்தம் வந்திட்டுது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. செத்தவீட்டுக் கதைக்குச் சிரிக்கிறானே இந்தாள் எண்டு நினைச்சிருப்பியள்.

தம்பி இந்தியா என்ன? எந்தப் பக்கம்? கோயமுத்தூரோ. நல்லது, நல்லது. கோயமுத்தூர் ஆக்களோட எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஒரே ஒரு பிள்ளையோட இருந்தது. அதுவும் இண்டைக்கு மத்தியானத்தோட போட்டுது.

உங்கட பக்கம் வருத்தமெண்டா கவலை. பிழை விட்டாலும் வருத்தம் தெரிவிப்பியள். எங்கட பக்கம் வருத்தமெண்டா நோய். காய்ச்சல் வந்தா வருத்தம், ஈரல் பழுதானா வருத்தம். வருத்தக்காரன் எண்டா நோயாளி. எங்கட ஊர் ஆஸ்பத்திரியிலை போய்ப் பாருங்கோ, இருக்கிற வாங்கு முழுக்க வருத்தக்காரர்தான். ஒருத்தருக்கும் கவலை இராது, கதை அளந்துகொண்டிருப்பினம். இது இப்ப எனக்குத் தெரியும். அப்ப தெரியாது.

முதலிலை இருந்து சொல்லுறன். வவுனியாவிலை இருந்து கௌசலா, தவபாலன்ர மனிசி, எப்படியும் போன் எடுப்பாள். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவன். அவள் கேக்கப்போறது ஒரே கேள்வி. "அவர் தனக்கு ஏலாது எண்டு வாய் திறந்து சொன்னவரோ, சொல்லேல்லையோ?" உன்ர புருசன் ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லை எண்டு கொம்பனி அவளுக்குச் சொல்லிப்போட்டுது. அண்டையிலை இருந்து அவள் செத்தவனோட சண்டை. ஏன் மறைச்சவர், பிள்ளையளை நினைக்கேல்லையோ, வாயிலை என்ன கொழுக்கட்டையோ எண்டு. படத்துக்கு இன்னும் மாலை போடேல்லையாம். சொன்னவர் எண்டு தெரிஞ்சாத்தான் போடுவாளாம்.

என்ர பேர் செபமாலை. மன்னாரிலை, பேசாலைக் கரையிலை மீன் ஏலம் கூறினவன். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. ஆனா குரலும் காதும் ஆண்டவர் தந்தது. கரையிலை அத்தனை பேரும் ஒரேயடியாக் கத்தினாலும் எந்தக் குரல் என்ன விலை கேட்டது எண்டு பிழைக்காமல் சொல்லுவன். அதாலை முகாமிலை எங்கட பகுதிக்கு நான்தான் வாய். ஆருக்கு என்ன தேவையெண்டாலும், "செபமாலையண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோ."

முகாமெண்டா, அகதியா வந்த எங்களை அடைச்சு வைக்கிற இடம், அதை இந்த நாட்டு அரசாங்கம் நடத்திறது இல்லை. அரசாங்கம் எங்களை ஒரு கொம்பனிக்குக் குத்தகைக்குக் குடுத்திருந்தது. சிவப்பு மண், ஈ, கம்பி வேலி, அதுக்கு அங்காலையும் சிவப்பு மண். ஆனா மரியாதை! கைதி எண்டு ஒருநாளும் சொல்லமாட்டாங்கள். "கிளையன்ற்". வாடிக்கையாளராம்.

"வந்த வாடிக்கையாளனை வீட்டை போக விடாத கடையை நான் இப்பத்தான் அண்ணை பாக்கிறன்" எண்டுவான் தவபாலன். அவன் பேக்கரிக்காரன், கடை தெரிஞ்சவன். மா மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகண்டு கிடக்கும், குரல் மட்டும் சின்னப் பிள்ளையின்ர குரல். கொம்பனி தாற பாணை, உங்கட பிரெட்டை, விரலாலை அமத்திப் பாத்து, "இதைச் சுட்டவனைத்தான் உள்ள வைக்கவேணும்" எண்டுவான். அப்பிடி ஒரு பகிடிக்காரன்.

மருந்தறையைச் சொல்லவேணும். அங்கை டொக்டர் இருக்கிறேல்லை. டொக்டர் ரீவிப் பெட்டிக்குள்ள வருவார். எங்கயோ ஒரு பட்டணத்திலை இருந்து, பின்னாலை ஒரு பூச்சாடி தெரியும். மொழிபெயர்க்கிற பிள்ளை போனுக்குள்ள. ஷெறில் எண்டு ஒரு நேர்ஸ் மனிசி போனைத் தூக்கி ரீவிக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. கை உளைஞ்சா மற்றக் கைக்கு மாத்துவா. வருத்தக்காரன் நடுவிலை. வெளியிலை வாற கதவடியிலை, கவனிப்பு எப்பிடி எண்டு கேக்கிற இன்னொரு மிசின். அதிலை மூண்டு மூஞ்சி. பச்சையிலை சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி. அழுகிற மூஞ்சிக்கு மேலை ரேப் ஒட்டியிருந்தது, பழுதாம். சிரிக்கிற மூஞ்சியை அமத்தினாத்தான் கதவு திறக்கும் எண்டு நாங்கள் நினைச்சிட்டம். நானும் வாறவனுக்கெல்லாம், "பச்சையை அமத்து, பச்சையை அமத்து" எண்டு சொல்லிக் குடுத்தன். பிறகுதான் தெரியும், கதவு தன்ரபாட்டிலை திறக்கிற கதவு.

முதலிலை அம்பிட்டவன் ரூபசிங்கம் எண்டொரு பெடியன். உடம்பு முழுக்கச் சொறி. ராத்திரி பகலாச் சொறிஞ்சு ரத்தம் வாறது. நேர்ஸிட்டைப் போய்க் கையைக் காட்டிச் "சொறி" எண்டான். "இட்ஸ் ஓகே டார்லிங்" எண்டா. இவன் மற்றக் கையையும் நீட்டிச் "சொறி, சொறி" எண்டான். "நோ நீட் டு பீ சொறி" எண்டு முதுகிலை தட்டி அனுப்பிவிட்டா. பச்சையை அமத்திப்போட்டு வந்தான்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நாங்களும் வயிறு நோகச் சிரிச்சனாங்கள். தவபாலன் சிரிச்ச சிரிப்பிலைதான் நெஞ்சைப் பொத்திக்கொண்டு கட்டிலிலை இருந்தவன். "என்னடா?" எண்டன். "ஒண்டுமில்லை அண்ணை, இங்கை ஏதோ இறுக்கிப் பிடிக்குது" எண்டான்.

அடுத்தநாள் தனியப் போனான், என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல். போனுக்குள்ள வாற பிள்ளையும் அண்டைக்கு இல்லை. ஷெறில் தன்ர நெஞ்சிலை கை வைச்சு, "பெயின்?" எண்டு கேட்டிருக்கிறா. இவன் "நோ" எண்டிருக்கிறான். எங்கட பக்கம் நோ எண்டா நோவு, வலி. பல்லு நோ, வயித்து நோ. "நோ பெயின்?" எண்டா. "ஓம், நோ! சரியான நோ!" எண்டான். "வெரி குட்" எண்டு சொல்லி அனுப்பிவிட்டா.

வந்து எனக்குச் சொன்னவுடன நான் கண்டுபிடிச்சிட்டன். காது அப்பிடி. "டேய் விசரா, அவளுக்கு நோ எண்டா இல்லை. அந்தச் சொல்லை இனி வாயிலை எடாதை. அது ஊர்ச் சொல்லு, பாரமில்லாத சொல்லு. வருத்தமெண்டு சொல்லு. நல்ல தமிழ். போனிலை அந்தப் பிள்ளை வாற நாளாப் போ. நெஞ்சிலை கையை வை, தலையைக் கொஞ்சம் குனி. மரியாதையாச் சொல்லு. நானும் வாறன்." முழுக்க நான்தான் பழக்கினன். கட்டிலடியிலை நிப்பாட்டி ரெண்டு மூண்டு தரம் சொல்லப் பண்ணினன். நல்லாச் சொன்னான்.

போனம். போனுக்குள்ள உங்கட கோயமுத்தூர்ப் பிள்ளை. பேர் சொல்லமாட்டினம், ஒரு நம்பர்தான். ஊரை மட்டும் நான் கேட்டு அறிஞ்சு வைச்சிருந்தன். ரேடியோவிலை நேயர் விருப்பம் வாசிக்கிற மாதிரிக் குரல். "வணக்கம் ஐயா. நீங்க சொல்றதை அப்படியே சொல்லுவேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." அந்தத் தமிழைக் கேட்டே பாதி வருத்தம் மாறும்.

தவபாலன் நெஞ்சிலை கை வைச்சான். தலையைக் குனிஞ்சான். "எனக்குச் சரியான நெஞ்சு வருத்தம்" எண்டான்.

"எதுக்காகங்க ஐயா?"

"தெரியாது பிள்ளை. கனநாளா இருக்குது. ராவிலைதான் கூட. நித்திரையே இல்லை."

பிள்ளை இங்கிலீசிலை சொல்லிச்சுது. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா "சொறி" எண்ட சொல்லு வந்தது கேட்டது. இவனுக்கு ஏன் சொறியைச் சொல்லுது எண்டு யோசிச்சன். பாத்தா ஷெறிலுக்குக் கண் கலங்குது! போனை மேசையிலை வைச்சிட்டு அவன்ர கையைப் பிடிச்சா. ரீவிக்குள்ள டொக்டரும் மெதுவாத் தலையாட்டினார்.

"டாக்டர் சொல்றாருங்க ஐயா, பரவாயில்லையாம். மனசிலே வெச்சுக்க வேண்டாம். உங்கமேல இங்க யாருக்கும் கோபமில்லை."

தவபாலன் என்னைப் பாத்தான். "பாத்தியோ" எண்டன், "என்ன மாதிரிப் பண்பு! எங்கட ஊர் டொக்டர்மார் வருத்தக்காரனைக் கண்டா நாய் மாதிரி விழுவாங்கள். இவங்கள் கோவிக்கமாட்டாங்களாம்."

"மருந்து அண்ணை?"

"வரும். முதலிலை மனசு, பிறகுதான் மருந்து."

அண்டைக்குப் பின்னேரம் கொம்பனியின்ர பெரிய ஆளே எங்கட பகுதிக்கு வந்திட்டார். ரை கட்டின மனிசன். தவபாலன்ர கையைக் குலுக்கி, அப்பிள் ஜூஸ் ஒண்டு குடுத்து, முதுகிலை தட்டினார். இத்தனை வருசத்திலை ஒரு வாடிக்கையாளரும் தங்களிட்டை இப்பிடி நெஞ்சைத் தொட்டு மன்னிப்புக் கேட்டதில்லையாம். இதுவும் பிறகுதான் தெரியும். அப்ப, நெஞ்சுக்கு அப்பிள் நல்லதாக்கும் எண்டு நினைச்சம். பாதியை எனக்குத் தந்தான்.

நோகிற நாளெல்லாம் போனம். போற நேரமெல்லாம் மன்னிச்சாங்கள். நீங்களே சொல்லுங்கோ தம்பி, கை நெஞ்சிலைதானே இருக்குது? முகம் வெளிறி, வேர்த்து ஒழுகுது. கைக்கும் வேர்வைக்கும் மொழிபெயர்ப்பு வேணுமோ? சரி, அதை விடுவம்.

போகப்போக டொக்டருக்குச் சந்தேகம் வந்திட்டுது. ஒரு மனிசன் இப்பிடி நாளும் பொழுதும் மன்னிப்புக் கேக்கிறான் எண்டா என்னவோ பெரிசாச் செய்திருக்கிறான் எண்டு. ஒருநாள் போனுக்குள்ளாலை கேள்வி வந்தது.

"நீங்க என்ன செஞ்சீங்க ஐயா? சொல்லிட்டா நெஞ்சு லேசாகும்னு டாக்டர் சொல்றார்."

தவபாலன் அப்பாவி. நெஞ்சு நோகிறதுக்கு முதல் என்ன செய்தனீ எண்டுதான் கேக்கிறாங்கள் எண்டு நினைச்சிட்டான். "பேக்கரியிலை நிண்டனான் பிள்ளை. ரா ராவா அடுப்படி வெக்கையிலை. மா மூட்டை தூக்கினனான்."

"அது தப்பில்லையாம் ஐயா. வேற?"

"சிகரெட் பத்தினனான். மனிசிக்குத் தெரியாமல்."

"வேற ஏதாவது?"

"முட்டை குறைச்சுக் கேக்குப் போட்டிருக்கிறன். முதலாளி சொன்னது."

டொக்டர் குனிஞ்சு ஏதோ எழுதினார். பூச்சாடிதான் தெரிஞ்சுது. பிறகு சொன்னார், இந்த மனிசனுக்குக் குற்ற உணர்ச்சி முத்திப்போச்சு, தன்னைத்தானே ஏதும் செய்யக்கூடும், கண்காணிப்பிலை வையுங்கோ எண்டு.

கண்காணிப்பு அறையெண்டா, பெல்ற்றைக் கழட்டி, போர்வையைப் பறிச்சு, கித்தான் சாக்கு மாதிரி ஒரு உடுப்பைப் போட்டு, ஏசிக் குளிருக்குள்ள விடுறது. முன்னாலை கதிரை போட்டு ஒரு ஆள். பிறையன் எண்டு, மலை மாதிரி ஒரு காவல்காரன். அவன்ர வேலை தவபாலன் மூச்சு விடுறானோ எண்டு பாக்கிறது. நான் கண்ணாடிக்குள்ளாலை பாத்தனான். பிறையன் போனிலை மிட்டாய் உடைக்கிற விளையாட்டு விளையாடுவான், இடைக்கிடை நிமிர்ந்து பாப்பான், தலையாட்டுவான், திரும்ப மிட்டாய் உடைப்பான். சும்மா சொல்லக்கூடாது, எங்கட ஊரிலை ஒரு வருத்தக்காரனுக்கு முன்னாலை இப்பிடிச் சம்பளத்துக்கு ஆளை இருத்துவாங்களோ? நான் மற்றப் பெடியளுக்கும் சொன்னன், கொம்பனி அவனை நல்லாத்தான் பாக்குது எண்டு.

உள்ள ஒருநாள் கதவிலை அடிச்சு, "நெஞ்சு, நெஞ்சு" எண்டு கத்தியிருக்கிறான். நாலு பேர் வந்து நிலத்திலை அமத்தி ஊசி போட்டிருக்கிறாங்கள். என்ன ஊசி எண்டு அவனுக்குச் சொல்லேல்லை. ரெண்டு நாள் எழும்பேல்லை. அதுக்குப் பிறகு கத்தேல்லையாம். சுகம் வந்திட்டுது எண்டு எங்களிட்டைத் திருப்பி அனுப்பினாங்கள்.

வந்தவனுக்கு நாக்கு வழுக்குது. பாணைக் குடுத்தன், அமத்திப் பாக்கேல்லை. அப்பிடியே திண்டான்.

"அண்ணை" எண்டான், "நான் அவங்களுக்கு என்ன செய்தனான்? ஏன் திரும்பத் திரும்ப என்ன செய்தனீ எண்டு கேக்கிறாங்கள்?"

"விடாமல் சொல்லு. சொல்லச் சொல்லத்தான் விளங்கும்" எண்டன்.

அடுத்த தரம் போக, போனுக்குள்ள வேற குரல். ஆம்பிளைக் குரல். தவபாலன் கையை நெஞ்சிலை வைச்சு எங்கட பாட்டைப் பாடினான். ஷெறில் அவன்ர பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, போனுக்குள்ள வாசிச்சுக் காட்டினா. பிறகு, "அண்ணன், நீங்க எவடம்?" எண்டு கேட்டார். மட்டக்களப்புக் குரல்! அந்த இழுவையை நான் எங்கையிருந்தாலும் பிடிச்சிடுவன். வவுனியா, மன்னார் எண்டம். "இவ்வளவு நாளும் ஆர் உங்களுக்குப் பேசின?" இந்தியாப் பிள்ளையொண்டு எண்டம். "கடவுளே. அண்ணன், இவங்கட புத்தகத்தில எல்லாம் நீங்க மன்னிப்புக் கேட்டதெண்டுதான் கிடக்கு. உங்களுக்கு நெஞ்சுக்க நோவெண்டு ஒரு இடத்திலயும் இல்ல."

மன்னிப்போ! எனக்கு வந்த கோவம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் படிப்பிச்ச வாத்தியாரைப் பிடிச்சுக் கம்பிக்குள்ள போடவேணும் எண்டு கத்தினன். ஒரு சொல்லு, பச்சைக் குழந்தைக்கும் தெரிஞ்ச சொல்லு! நான் அவ்வளவு கவனமாத் தேடி எடுத்துக் குடுத்த சொல்லு!

மட்டக்களப்பார் டொக்டருக்கு எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னார். நெஞ்சு நோகுது, கைக்கு இறங்குது, வேர்க்குது, கனநாளா. டொக்டர் ரீவிக்குள்ள நல்லாக் கேட்டார். இப்பத்தான் விளங்குது எண்டார். நானும் தவபாலன்ர தோளிலை தட்டினன், பாத்தியோ, சொல்லு சரியா விழுந்தா எல்லாம் சரி எண்டு.

"என்ன மருந்தாம்?" எண்டன்.

மட்டக்களப்பார் இருமினார். "ரெண்டு வெள்ளைக் குளிசை அண்ணன். கனக்கத் தண்ணி குடிக்கட்டாம். குறையாட்டி மறுகா வாற திங்கக்கிழமை வரட்டாம்."

வெள்ளைக் குளிசை எங்களுக்குத் தெரியும். பல்லு நோவெண்டாலும் அதுதான், கால் முறிஞ்சாலும் அதுதான். ரூபசிங்கத்தின்ர சொறிக்கும் கடைசியிலை அதைத்தான் குடுத்தவங்கள். எண்டாலும் மன்னிப்பிலை இருந்து குளிசைக்கு வந்திட்டம் எண்டு எனக்குச் சந்தோசம். முன்னேற்றம்தானே?

திங்கக்கிழமைக்கு முதல் வெள்ளிக்கிழமை கேக்கு வெட்டினாங்கள்.

என்ன கேக்கெண்டோ? கொம்பனிக்குப் பரிசு கிடைச்சிட்டுது தம்பி. கொம்பனியின்ர எல்லா முகாமுக்குள்ளயும் எங்கட மருந்தறைதான் முதலாமிடமாம். ஒரு முறைப்பாடுமில்லை, மன்னிப்பு மட்டும்தான். சிரிக்கிற மூஞ்சியும் எங்கட முகாமிலைதான் ஆகக்கூட அமத்தினதாம். சாப்பாட்டு மண்டபத்திலை பலூன் கட்டி, ரைக்காரர் பேசி, கேக்கு வெட்டினார். மஞ்சள் ஐசிங். எங்களைச் சுத்தி நிண்டு கை தட்டச் சொன்னாங்கள். தட்டினம்.

ஷெறில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தராக் குடுத்துக்கொண்டு வாறா. எனக்கு ஒரு துண்டு. நல்ல கேக்கு, பொய் சொல்லக்கூடாது. இன்னொண்டு எடுத்தன். பக்கத்திலை தவபாலன். பேக்கரிக்காரன் என்ன சொல்லுறானோ எண்டு பாத்தன். முகம் மா மாதிரி. ஒரு கை நெஞ்சிலை, மற்றக் கை மேசையிலை. ஷெறில் தட்டை நீட்டினா. அவன் அவாவைப் பாத்தான். தமிழுமில்லை, போனுமில்லை, ஒருத்தருமில்லை.

"நோ" எண்டான்.

"நோ கேக்?" எண்டா.

"நோ... நோ..." நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறான்.

"ஓகே டார்லிங், மே பீ லேட்டர்" எண்டு சொல்லி அடுத்த ஆளுக்குப் போட்டா.

நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் தம்பி, அந்தச் சொல்லை வாயிலை எடாதை எண்டு. கேட்டானோ?

விழுந்தபோதும் கை தட்டுற சத்தம் நிக்கேல்லை. பிறையன்தான் ஓடி வந்தான். அவனுக்குத்தானே மூச்சுப் பாக்கிற வேலை. குனிஞ்சு பாத்தான், தலையாட்டேல்லை. அம்புலன்ஸ் வந்தது. கைவிலங்கு போட்டுத்தான் ஏத்தலாம் எண்டு கொம்பனியின்ர சட்டமாம், சாவி தேடினாங்கள். விலங்கோட கொண்டு போனாங்கள். ஐசிங் அவன்ர சட்டையிலை ஒட்டியிருந்தது.

அவ்வளவுதான். என்னைப் பிறகு ஒரு துண்டுக் கடுதாசியோட வெளியிலை விட்டாங்கள். இண்டைக்கு விசாரணை.

விசாரிக்கிறது ஒரு அம்மா, நரைச்ச தலை. கொம்பனியின்ர அப்புக்காத்து, உங்கட வக்கீல், ஒரு வாலிபன். எனக்குப் பக்கத்திலை மொழிபெயர்க்க ஒரு பிள்ளை. சின்னப் பிள்ளை, கண்ணாடி போட்டு, கைப்பையை மடியிலை இறுக்கி வைச்சுக்கொண்டு. "வணக்கம் ஐயா. நீங்க சொல்றதை அப்படியே சொல்லுவேன்..." எண்டு தொடங்கினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. அந்தக் குரல்!

அப்புக்காத்து எழும்பிச் சொல்லுறான், தவபாலன் ஒருநாளும் நெஞ்சு நோகுது எண்டு முறைப்பாடு செய்யேல்லை, அவன் கேட்ட மன்னிப்பு மட்டும்தான் புத்தகத்திலை இருக்குது, கொம்பனி அதை ஒவ்வொரு தரமும் பெருந்தன்மையா ஏற்றுக்கொண்டது எண்டு. கடைசியாப் பேசின மட்டக்களப்பார் ஆரெண்டு தெரியாதாம், அந்த நம்பரிலை இப்ப ஆளில்லையாம். பிள்ளை அதை எனக்குத் தமிழிலை சொல்லுறாள். சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் மாறுது. இருட்டுக்குள்ள எதையோ மிதிச்ச ஆள் மாதிரி. அவளுக்கு அப்பத்தான் விளங்குது.

"பிள்ளை" எண்டன், "விசாரிக்கிற அம்மாட்டைச் சொல்லு. அண்டைக்குப் போனிலை இருந்தது நீதான். உன்னைக் கேக்கச் சொல்லு."

அப்படியே சொன்னாள். குரல் இறங்கிப்போச்சு. அம்மா கண்ணாடியைக் கழட்டினா. அப்புக்காத்து துள்ளி எழும்பினான். மொழிபெயர்க்கிறவ சாட்சி இல்லையாம், அவவுக்கு இங்கை சொந்த வாயே இல்லையாம், சாட்சி சொல்லுறதை மட்டும்தான் அவ சொல்லலாமாம்.

சரி எண்டு நினைச்சன். ஏலம் கூறினவனுக்கு ஒரு கதவு பூட்டினா மற்றக் கதவு தெரியும். நான் "நான்" எண்டு சொன்னா அவளும் "ஐ" எண்டுதானே சொல்லவேணும்? இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறன், அவர் சொல்லுறார் எண்டு சொல்லமாட்டினம், "ஐ" எண்டுதான் சொல்லுவினம்.

எழும்பி நிண்டு மெதுவாச் சொன்னன். "அவன் சொன்னான். நெஞ்சிலை கை வைச்சு, திரும்பத் திரும்பச் சொன்னான்."

சொன்னாள்.

"நான் என்ர காதாலை கேட்டன்."

அதையும் சொன்னாள். "ஐ" எண்டுதான் சொன்னாள்.

"எனக்குத்தான் விளங்கேல்லை."

தம்பி, அவள் அதைச் சொன்ன விதத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். கைப்பையைப் பிடிச்ச விரலெல்லாம் வெள்ளை. விசாரிக்கிற அம்மா என்னைப் பாக்கேல்லை. அவளைத்தான் பாத்துக்கொண்டிருந்தா. பாத்துக்கொண்டே எழுதினா. அதோட எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் கணக்கு முடிஞ்சுது, வாத்தியாரையும் விட்டிட்டன்.

கடைசியா அப்புக்காத்து எழும்பிக் கொம்பனி சார்பிலை ஏதோ வாசிச்சான். பிள்ளை எனக்குச் சொல்ல வெளிக்கிட்டாள். "இந்த மரணத்துக்காக நிறுவனம் தன்னோட ஆழ்ந்த..." எண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டாள். தண்ணி குடிச்சாள். வேற சொல்லுத் தேடுறாள், கிடைக்கேல்லை. "ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்குது ஐயா."

"அப்பிடியோ" எண்டன். "வருத்தமெண்டா ரெண்டு வெள்ளைக் குளிசை குடுத்து, கனக்கத் தண்ணி குடிக்கச் சொல்லு. குறையாட்டித் திங்கக்கிழமை வரட்டும்."

அதையும் அப்படியே சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆறுதல் சொல்லுறன் எண்டு நினைச்சானாக்கும், அப்புக்காத்து எழும்பி எனக்கு நன்றி சொன்னான்.

பொறுங்கோ தம்பி, அடிக்குது. அவள்தான்.

ஹலோ... ஓம் பிள்ளை... முடிஞ்சுது, பஸ்ஸிலை வாறன்... சாப்பிட்டன், சாப்பிட்டன்... ஓம். சொன்னவன்... சொன்னவன் பிள்ளை. நேர்ஸிட்டைச் சொன்னவன், டொக்டரிட்டைச் சொன்னவன், கேக்குக் குடுக்க வந்தவளிட்டையும் சொன்னவன். ஒண்டையும் மறைக்கேல்லை... விசாரிக்கிற அம்மா எழுதியிருக்கிறா, ஓம், நான் கண்டனான்... அழாதை... சரி, அழு, அழு... மாலையைப் போடு பிள்ளை...

ஆரு, கொம்பனியோ? கொம்பனி என்ன சொன்னதெண்டோ?... கொம்பனிக்குச் சரியான வருத்தமாம்... ஓம், அப்பிடித்தான் சொன்னவை... என்ன வருத்தமெண்டு சொல்லேல்லை...

இல்லைப் பிள்ளை. சாகிற வருத்தமில்லை.